டீச்சரிடம் கேளுங்கள்: “அம்மம்மா, அக்வா தாங்கோ!”

கேள்வி: மகள் குடும்பம் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறது. ஏழு வயதுப் பேரனை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் படிப்பிக்கிற வகுப்பில் விட்டிருக்கிறார்கள். இப்போது லீவுக்கு வந்து நிற்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் “அம்மம்மா, அக்வா தாங்கோ” என்கிறான். விளையாடும்போது ஆங்கிலம். மூன்று மொழியும் சேர்ந்து பிள்ளையைக் குழப்பாதா? ஸ்பானிஷை நிற்பாட்டச் சொல்லி மகளோடு கதைக்கட்டுமா?
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: கதைக்காதீர்கள் அம்மா. நீங்கள் எழுதிய அந்த வசனத்தையே திரும்பப் பாருங்கள். ஸ்பானிஷில் இருந்து வந்தது தண்ணீர் மட்டும்தான். வினை தமிழ் முறைப்படி கடைசியில் நிற்கிறது. ‘தா’ என்னாமல் ‘தாங்கோ’ என்று உங்களுக்குரிய மரியாதையும் தந்துவிட்டான். குழம்பின பிள்ளை இப்படிக் கதைக்காது. நாங்கள் மட்டும் என்ன, “போனைச் சார்ஜில போட்டிட்டு ஃபேனை ஓஃப் பண்ணு” என்கிறோம். எங்களை ஒருவரும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லையே!

அங்கத்தைய ஸ்பானிஷ் வீடுகளிலும் இதே கதைதான். ஆங்கிலத்து ‘பார்க்’கை எடுத்து ஸ்பானிஷ் வினை விகுதி ஒட்டி ‘பார்க்கேயார்’ என்பார்கள். நாங்கள் ‘பார்க் பண்ணு’ என்கிற மாதிரி. நியூயோர்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சை ஆராய்ந்த ஷானா பொப்லாக் 1980இல் எழுதினார்: ஒரே வசனத்துக்குள் மொழி மாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் நன்றாக அறிந்தவர்கள், மாறும் இடத்தில் இரண்டு இலக்கணமும் பிசகுவதில்லை.

“விளையாடும்போது ஆங்கிலம்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உறுத்தியது அதுதான். உங்கள் பேரன் படிக்கிற மாதிரி இருமொழி வகுப்புகள் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. கியூபாவிலிருந்து குடும்பங்கள் வந்து குவிந்த காலத்தில், 1963இல், மயாமியின் கோரல் வே ஆரம்பப் பாடசாலையில் பாதி நாள் ஆங்கிலம், பாதி நாள் ஸ்பானிஷ் என்று தொடங்கினார்கள். இன்று சில பாடசாலைகள் பாலர் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்பானிஷில் ஆரம்பித்து, நாலாம் ஐந்தாம் வகுப்பில் பாதிக்குப் பாதி ஆக்குகின்றன. ஆனாலும் ஸ்பானிஷ் நேரத்தில் பிள்ளைகளின் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் என்ன கேட்கும்? மிஸ்ஸுக்குப் பதில் ஸ்பானிஷில். மிஸ் அங்கால திரும்பியதும், “அழிறப்பரைத் தா” என்று பக்கத்துப் பிள்ளையோடு சண்டை ஆங்கிலத்தில். வீட்டில் ஸ்பானிஷ் கதைக்கிற பிள்ளைகள்கூட இப்படித்தான். வகுப்புகளில் இருந்து கவனித்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிற விஷயம் இது. நேரசூசிக்குப் பிள்ளை கட்டுப்படாது; எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் மொழியை எடுக்கும்.

ஸ்பானிஷுக்கு ஆசிரியர் இருக்கிறார், பாடப்புத்தகம் இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது. அதற்கே இந்த நிலை. உங்கள் பேரனுடைய தமிழுக்கு அங்கே மகளையும் மருமகனையும் விட்டால் யார்? தமிழை விழுங்கப் போவது ஸ்பானிஷ் அல்ல, அதை நிற்பாட்டினால் அந்த மணித்தியாலமும் ஆங்கிலத்துக்குத்தான் போகும்.

ஆகவே லீவு முடிவதற்குள் அவனுக்குத் தமிழில் சண்டை பிடிக்க ஒரு ஆள் தேடுங்கள். வெள்ளவத்தையில் அது லேசில்லை என்று தெரியும். ஃபிளாட் பிள்ளைகள் லிஃப்டுக்குள்ளேயே ஆங்கிலம் தொடங்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சொந்தத்தில் அவன் வயதுப் பிள்ளை இருந்தால் கொஞ்ச நாள் கூப்பிட்டு வைத்திருங்கள். கரம் போட்டை நடுவில் போட்டுவிட்டு நீங்கள் குசினிக்குள் போய்விடுங்கள். “நீ அலாப்பிறாய்!” என்று ஒருத்தன் கத்தினால், மற்றவன் பதில் சொல்லத்தானே வேண்டும்?

அவன் திரும்பிப் போனபிறகு வீடியோ அழைப்பில் “எங்க, தமிழில சொல்லு பாப்பம்” என்று சோதனை வைக்காதீர்கள். பிள்ளைகள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடுவதே அதனால்தான். அடுத்த முறை அக்வா கேட்டால், “இந்தா தண்ணி” என்று கொடுங்கள், போதும்.

கேள்வி: மகளைத் தரம் 6இல் இருமொழி வகுப்பில் சேர்க்கலாமா? வீட்டில் தமிழ் மட்டும்தான்.
— ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை

பதில்: எங்கள் அரச பாடசாலைகளில் 2000களின் தொடக்கத்தில் வந்த முறை இது. கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்கள் ஆங்கில மூலம். தமிழ், சமயம், வரலாறு தாய்மொழியில். வீட்டில் தமிழ் மட்டும் என்பது குறையே இல்லை. தமிழில் ஒரு பக்கம் விஞ்ஞானம் வாசித்துவிட்டுத் தன் சொல்லில் திருப்பிச் சொல்கிறாளா என்று பாருங்கள். சொன்னால் சேருங்கள். சேர்க்க முன்னம் அந்தப் பாடசாலையில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிப்பிக்க இப்போது ஆள் இருக்கிறாரா, அவர் இடமாற்றம் கேட்டு நிற்கிறாரா என்று காவலாளியிடமாவது விசாரியுங்கள்.