ஊட்டிக் குளிருக்கு எதை உடுத்துவது?

கேள்வி: பணி மாறுதலில் மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறோம். வந்ததும் எல்லோருக்கும் தடிமனான ஜெர்கின் வாங்கிவிட்டோம். அப்படியும் 7 வயது மகன் பள்ளி விட்டு வரும்போது நடுங்குகிறான். சர்க்கரை நோயுள்ள மாமியாருக்குக் கால்விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கின்றன. இன்னும் கனமான உடை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாங்கிய ஜெர்கினே தாராளம். கோளாறு அதற்கு உள்ளே இருக்கிறது.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் மதுரையைவிட இங்கே 13, 14 டிகிரி குறைவு. அது பழகிவிடும். பழகாதது, ஒரே நாளில் வரும் ஏற்ற இறக்கம். ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா புல்வெளியில் விடியற்காலை உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும்; பதினொரு மணிக்கு அங்கேயே வெயில் சுள்ளென்று அடிக்கும்.

இப்போது உங்கள் மகனைப் பாருங்கள். பனியன், சட்டை, அதன்மேல் ஜெர்கின். மேடேறி, மைதானத்தில் ஓடி, மதியத்துக்குள் பனியன் வியர்வையில் ஊறிவிடும். காற்றுப் புகாத ஜெர்கின் அந்த ஈரத்தை வெளியே விடாது. மாலையில் மூடுபனி இறங்கும்போது, முதுகோடு ஒட்டிய அந்தப் பனியன் உடம்புச் சூட்டை இழுக்கத் தொடங்குகிறது. தண்ணீர், காற்றைவிட 25 மடங்கு அளவுக்கு வெப்பத்தைக் கடத்தக்கூடியது. பிள்ளை நடுங்காமல் என்ன செய்வான்?

மதுரை வெயிலில் பருத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. இங்கே, நனைந்தால் அது சீக்கிரம் காயாது. கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் கதகதப்பை விடாது. ஆகவே உடம்பை ஒட்டி மெல்லிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், காற்றுக்கும் மழைக்கும் மட்டும் ஜெர்கின். விளையாடப் போகுமுன் மேலே இருப்பதைக் கழற்றிவிட வேண்டும். புதிதாகச் செலவு வேண்டாம் என்றால், பள்ளிப் பையில் காய்ந்த பனியன் ஒன்றை வைத்தனுப்பி, மதியம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

உடைகள் தளர்வாக இருக்கட்டும். சூட்டைக் காப்பது அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளியும் கெட்டியான பருத்திப் போர்வைதான். அதைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டுதான் இந்தக் குளிரில் காலம்காலமாக இருந்து வருகிறார்கள்.

மாமியாரின் கால்களை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சில்பிளேன் எனப்படும் குளிர் வீக்கத்தோடு பொருந்துகின்றன. குளிரிலும் ஈரத்திலும் விரல்களின் சிறு இரத்தக்குழாய்கள் சுருங்கிக் கிடக்கின்றன. அந்தக் காலைத் திடீரென்று அடுப்பருகே நீட்டினால், குழாய்களிலிருந்து நீர் கசிந்து விரல் வீங்கி அரிக்கும். எனவே நெருப்பில் காட்டாதீர்கள். தளர்வான கம்பளி சாக்ஸ் போட்டு மெதுவாகச் சூடேற விடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கமான இரண்டு சாக்ஸ் போடுவது இரத்த ஓட்டத்தைத் தடுத்து நிலைமையை மோசமாக்கும். வீட்டுக்குள்ளும் செருப்பு அவசியம். அதிகாலைக் குளியலறைத் தரை ஐஸாக இருக்கும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி மங்கியிருந்தால் வெந்நீர்ப் பை சுடுவதே தெரியாது, அதையும் தவிருங்கள். சர்க்கரை இருப்பதால், புண் வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே மருத்துவரிடம் பாதங்களைக் காட்டிவிடுங்கள். தோல் வெடித்தாலோ கறுத்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

ஜூன் பிறந்தால் வேறு தொல்லை. மழைக்காலத்தில் துணி நாள்கணக்கில் காயாது. அரை ஈரத்தில் உள்ளாடை அணிந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும். இஸ்திரி போட்டாவது முழுக்க உலர்த்திக்கொள்ளுங்கள். படுக்கையறையில் கொடி கட்டாதீர்கள். சுவரில் பூஞ்சை பிடித்தால் இழுப்பு உள்ளவர்களுக்குச் சிரமம்.

தொப்பியும் வாங்குங்கள். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்களும் கூடும். குளிர்ந்த காற்றில் தோல் கருகுவது உறைக்காது.

இரவில் எவ்வளவு குளிர்ந்தாலும் கம்பளியை இரண்டாகப் போர்த்திக்கொள்ளுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு மட்டும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.