பூங்கா மேலேதான் இறங்குகிறீர்கள்

கேள்வி: பெங்களூர் கப்பன் பார்க்கில் அந்த எட்டுப் பட்டை பேண்டு மேடையைப் பார்த்து அசந்துவிட்டேன். வெள்ளைக்காரனுக்கு இருந்த ரசனை நம்மவர்களுக்கு இல்லாததால்தானே சென்னைக்கு நடுவில் இப்படி ஒரு பூங்கா இல்லை? (வாசகர், பெரம்பூர்)

பதில்: இல்லையா? தினமும் அதன் மேலேதான் இறங்குகிறீர்கள்! சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் உங்கள் மின்சார ரயில் நிற்கிறதே, அது பீப்பிள்ஸ் பார்க் இருந்த இடம். பக்கத்து ஸ்டேஷனுக்கு 'பார்க்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் தொடங்கிய தோட்டம். (வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக மனிதரை அடுத்த வருடமே லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.) 116 ஏக்கர், 11 குளங்கள், உள்ளேயே ஐந்தரை மைல் சாலை. நீங்கள் மயங்கிய பேண்டு மேடையும் இங்கே இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம். நாலு பக்கமும் திறந்து மேலே கூரை மட்டும் போட்டால், பித்தளை வாத்தியச் சத்தம் வானத்துக்குப் போகாமல் புல்தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்குத் திரும்பும். அழகெல்லாம் அப்புறம்தான். மிருகக்காட்சி சாலையும் அங்கேதான். அதை ஜனங்கள் 'உயிர் காலேஜ்' என்றார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'!

சரி, இவ்வளவையும் தின்றது யார்? முதல் கவளம் உங்கள் ரசனைக்காரர்களுடையது. 1880-களில் விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு ஒரு துண்டு. 1898-ல் மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல். 1913-ல் ரிப்பன் மாளிகை திறந்தாயிற்று. மீதியை நாம் பார்த்துக்கொண்டோம். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் (இப்போதைய நேரு ஸ்டேடியம்) வந்தது. 1956-ல் மங்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது அங்கேதான், அதையும் குறை சொல்ல மனசு வரவில்லை. 1985-ல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்கு இடம் மாறித் திறந்தது, அதே வருடம் மூர் மார்க்கெட் எரிந்தது, அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது.

ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல். நாடகம் போட ஹால் வேண்டாம், நகரசபைக்குக் கட்டடம் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆபீஸ் ஃபைலில் பூங்காவுக்குப் பெயர் 'காலி இடம்'. பெங்களூர்க்காரர்களைக் காப்பாற்றியதும் ரசனை இல்லை ஐயா, 1975-ல் பூங்காக்களைப் பாதுகாக்க அவர்கள் போட்ட சட்டம். அதற்கப்புறமும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது.

நேரு ஸ்டேடியத்துக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு இன்னும் பாக்கி. நாளைக்கு ரயிலை விட்டு இறங்கியதும் பார்க்கிங் பக்கமும் எட்டிப் பாருங்கள். எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பொம்மை மாதிரி சின்னதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பேண்டு மேடைக்கு அதுவும் இல்லை.