ஏர் சஸ்பென்ஷன் கார் காலையில் ஒரு பக்கம் படுத்துக் கிடக்கிறது. கம்ப்ரசரை மாற்றுவதா, சாதாரண இரும்புக் காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாமா?

இதே கூத்து எனக்கும் நடந்தது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது இதுதான்: ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளில் நிற்கும் பழைய சொகுசு கார், ராத்திரி நிறுத்தினால் காலையில் இடது முன்பக்கம் தரையோடு படுத்திருக்கிறது, ஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறது, சர்வீஸில் அந்தப் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார்கள். புது கம்ப்ரசருக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு டன் வண்டியைத் தூக்கி நிறுத்துகிற கம்ப்ரசர் செத்த கம்ப்ரசர் இல்லை. களைத்த கம்ப்ரசர் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைக் களைக்க வைத்தது எது என்று பார்க்காமல் புதிதாக ஒன்றைப் போட்டால் அதுவும் சீக்கிரமே களைத்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கோயம்புத்தூரில் ஒன்பது வருடம் ஓடிய ஜெர்மன் செடான் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். வாங்கி ஏழாவது மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால், இடது முன் டயர் மட்கார்டுக்குள் பாதி புதைந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட்டில் முன்பக்க ஸ்ட்ரட் (காற்று நிற்கும் ரப்பர் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) இரண்டு, கம்ப்ரசர், காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக் எல்லாமே இருந்தன. தொகையைப் பார்த்ததும் அந்தக் காசுக்கு நல்ல ஹேட்ச்பேக்கே வாங்கிவிடலாமே என்று தோன்றியது. அதில் இருப்பதிலேயே விலை குறைந்தது கம்ப்ரசர். சரி, அதை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று சென்னை புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரசர் ஒன்றை 28,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். மூன்று வாரம் ஓடியது. அதற்குப் பிறகு சத்தம் மட்டும் வந்தது, வண்டி எழவில்லை. விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன், தப்பு என்னுடையது.

பிறகு நண்பர் ஒருவர் சொல்லி, பல வருடம் ஆம்னி பஸ்களில் வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பஸ்காரர்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் புதிது இல்லையே. அந்த ரப்பர் பையை அவர் பலூன் என்றுதான் சொல்வார். நான் கம்ப்ரசர் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "கம்ப்ரசர் பாவம் என்னங்க தம்பி பண்ணும்? ஓட்டைக் குடத்துல தண்ணி ரொப்பச் சொன்னா எவ்வளவு நேரம்தான் ரொப்பும்?" என்றார்.

அவர் சொன்னது புரிய வேண்டுமானால், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நூலிழை பதித்த ரப்பர் பை. டயரில் 32, 35 பிஎஸ்ஐ காற்று வைக்கிறோம் அல்லவா, இந்தப் பைக்குள் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். கம்ப்ரசர் என்பது கையடக்கமான ஒரு எலக்ட்ரிக் மோட்டாரும் சின்ன பிஸ்டனும்தான். அது அனுப்பும் காற்று, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரம்பிய டிரையர் வழியாக வால்வு பிளாக்குக்கு வரும். எந்த மூலைக்குக் காற்று போக வேண்டும் என்று அங்கே உள்ள சாலினாய்டு என்ற மின்வால்வுகள் திறந்து மூடும். வண்டியின் உயரத்தை லெவல் சென்சார்கள் கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும். இந்தக் கம்ப்ரசர் சில நொடிகளோ ஒரு நிமிடமோ ஓடி ஓய்வெடுக்கச் செய்யப்பட்டது. கசிவு இருந்தால் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். சூடேறி பிஸ்டன் ரிங் தேயும். ரிங் தேய்ந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் இன்னும் அதிக நேரம் ஓட வேண்டிவரும். சூடு எல்லை மீறினால் கன்ட்ரோல் யூனிட்டே அதை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் எச்சரிக்கை போடும். அந்தக் கட்டத்தில்தான் நாம் பதறிப்போய் சர்வீஸுக்குப் போகிறோம், அங்கே ஸ்கேனரில் கம்ப்ரசர் பெயர் வருகிறது.

இனி சோதனைக்கு வருவோம். முதல் சோதனைக்கு ஒரு டேப் போதும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் வீல் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று கூடக்குறைய இருந்தால் கணக்கு தப்பிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், முடிந்தால் கதவைக்கூடத் திறக்காமல் மறுபடி அளக்க வேண்டும். பல வண்டிகளில் கதவைத் திறந்தாலே கன்ட்ரோல் யூனிட் விழித்துக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் நல்ல ஸ்ட்ரட்டைக் கழற்றிப் போடுகிறார்கள். சில வண்டிகள் நிறுத்திய பிறகும் அவ்வப்போது விழித்து, எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அதற்குச் சமமாக மற்ற மூலைகளிலிருந்தும் காற்றை விட்டுவிடும், வண்டி சாய்ந்து நிற்கக்கூடாது என்று. காலையில் பார்த்தால் முன்பக்கம் மொத்தமும் இறங்கியிருக்கும். இரண்டு ஸ்ட்ரட்டும் போச்சு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ராத்திரி அளந்ததும் சஸ்பென்ஷன் கன்ட்ரோல் யூனிட்டின் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். எது என்று ஃபியூஸ் பெட்டி அட்டையிலோ மேனுவலிலோ இருக்கும். என் வண்டியில் ஃபியூஸ் இருந்தபோது இடது வலது இரண்டுமே இறங்கின. கழற்றியபோது ராத்திரி இரண்டு பக்கமும் 39 சென்டிமீட்டர், காலையில் வலது அப்படியே இருந்தது, இடது 33. இரண்டு ஸ்ட்ரட் எஸ்டிமேட் அந்தக் காலையிலேயே ஒரு ஸ்ட்ரட் ஆகிவிட்டது.

அடுத்தது சோப்புத் தண்ணீர். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழி பார்க்கிற அதே வித்தைதான். ஒரு ரூபாய் ஷாம்பு சாஷேயைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் போதும். ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் சேரும் பித்தளை இணைப்பு, வால்வு பிளாக்கின் எல்லா இணைப்புகளும், குழாய் வளைகிற, உரசுகிற இடங்கள், எல்லாவற்றிலும் அடித்துவிட்டுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பொடிக் கசிவில் நுரை மெதுவாகத்தான் பூக்கும். குழாய்கள் பென்சிலைவிட மெல்லிய நைலான். எலி நடமாடும் பார்க்கிங் என்றால் அங்கேதான் முதலில் பாருங்கள். எலி கடித்த குழாய்க்கு ஒரு ஜாயின்ட் போட்டால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

ரப்பர் பையில் வெடிப்பு விடுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பை கீழே மடிந்து உருளும் அந்த மடிப்பு. அதன்மேல் தூசி உறை இருப்பதால் சாதாரணமாகக் கண்ணுக்குப் படாது. இன்னொன்று, மடிப்பு ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்கும்போதுதான் வெடிப்பு வாய் திறக்கும். வண்டியைத் தூக்கி வைத்தால் கசியாது, சாதாரண உயரத்தில் கசியும், அல்லது நேர்மாறாக. எனவே இரண்டு உயரத்திலும் சோதிக்க வேண்டும். என் வண்டியில் சாதாரண உயரத்தில் நுரை ஒன்றுமே வரவில்லை. உயர்த்தும் பட்டனை அமுக்கிவிட்டு உறையை விலக்கி அடித்ததும் மடிப்பைச் சுற்றி பாதி வட்டத்துக்குப் பொங்கியது. குளிரும் இதில் விளையாடும். அதற்கு முந்தைய மாதம் ஊட்டியில் ஒரு ராத்திரி நிறுத்தியபோது வண்டி வழக்கத்தைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. குளிரில் ரப்பரும் இணைப்புகளில் இருக்கும் ஓ ரிங் வளையமும் விறைத்துச் சுருங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது, மலை ஏறின களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்!

வெளியே எங்கும் நுரை இல்லை, ஆனால் வண்டி இறங்குகிறது என்றால் வால்வு பிளாக்கைச் சந்தேகப்படலாம். டிரையரின் மணிகள் பழசாகி மாவாக உதிர்ந்து வால்வு மூடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டால், காற்று உள்ளுக்குள்ளேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நழுவும். ஒரு மூலை இறங்கும்போது இன்னொன்று லேசாக ஏறினால் அதுதான் அடையாளம். இதை உறுதிசெய்ய அந்த அண்ணன் ஒரு கைவேலை வைத்திருந்தார். அதே அளவு நைலான் குழாயின் ஒரு முனையில் டயர் வால்வு. சந்தேகப்படும் ஸ்ட்ரட்டின் குழாயை வால்வு பிளாக்கிலிருந்து கழற்றி இதோடு சேர்த்து, பட்டறைக் கம்ப்ரசரில் காற்றடித்து ராத்திரி விட்டுவிடுவார். காலையில் வண்டி இறங்காமல் நின்றால் ஸ்ட்ரட் நல்லது, பிளாக்தான் திருடன். இறங்கினால் ஸ்ட்ரட் அல்லது அதன் குழாய். என் வண்டி இறங்கியது.

இந்த வேலைகளில் எதைச் செய்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. இணைப்பு ஒன்று கழன்றால் யோசிக்க நேரமில்லாமல் வண்டி உட்கார்ந்துவிடும். பாடிக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஃபியூஸைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கும்போது கன்ட்ரோல் யூனிட் தானாகக் காற்றை மாற்ற முயலும் என்பதால், ஜாக் மோடு இருக்கும் வண்டியில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். புது ஸ்ட்ரட் மாட்டினால், அதில் காற்று ஏற்றிய பிறகுதான் சக்கரத்தைத் தரையில் இறக்க வேண்டும். காலிப் பையின்மேல் பாரம் இறங்கினால் மடிப்பு கோணலாகி புதுப் பையே கிழியும். பட்டறையில் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

என் வண்டிக்கு ஸ்ட்ரட் ஒன்று ரீபில்ட் செய்தது போட்டோம், 62,000 ரூபாய். பழைய ஒரிஜினல் கம்ப்ரசரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதைப் பிரித்து புது பிஸ்டன் ரிங், டிரையரில் புது மணிகள், புது ரிலே (கம்ப்ரசருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்), எல்லாம் சேர்த்து 9,000. ரிலே சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். கம்ப்ரசரில் கை வைக்கும்போதெல்லாம் ரிலேயையும் மாற்றிவிடுவது நல்லது. ஸ்ட்ரட்டை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமா என்றால், காசு இருந்தால் மாற்றுங்கள். நான் ஒன்றுதான் மாற்றினேன். பதினான்கு மாதம் கழித்து வலது பக்கமும் அதே இடத்தில் வெடித்தது. வயது இரண்டுக்கும் ஒன்றுதானே.

இடையில் ஒருமுறை பின்பக்கம் ஒருக்களித்து நின்றது. ராத்திரி காலை அளவில் வித்தியாசமே இல்லை, அப்படியென்றால் கசிவு இல்லை. பார்த்தால் லெவல் சென்சாரின் சின்னக் கம்பி, ஏதோ வேகத்தடையில் அடிபட்டு, பந்து மூட்டிலிருந்து கழன்றிருந்தது. 1,200 ரூபாயில் முடிந்தது, உயரக் காலிப்ரேஷன் தனி. இதற்கு அந்தக் கம்பெனி வண்டியைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான ஓபிடி என்ற கோளாறு படிக்கும் கருவி பெரும்பாலும் என்ஜின் பிழைக் குறியீடுகளோடு நின்றுவிடும், சஸ்பென்ஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பேட்டரி வீக்காக இருந்தாலும் சஸ்பென்ஷன் எச்சரிக்கை வரும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் காயில் ஸ்பிரிங் கேள்வி. இந்த ஆசை புதிது இல்லை. 1957 காடிலாக் எல்டொராடோ புரோஹாம் காரில் ஏர் சஸ்பென்ஷன் வந்தபோதே, கசிவு தாங்காமல் பலர் காயில் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டார்கள். மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் 1998இல் ஏர்மேட்டிக் வந்த பிறகு, அந்த வண்டிகளுக்கென்றே காயில் கிட்டுகளும் விற்பனைக்கு வந்தன. மாற்ற முடியும். ஆனால் டேஷ்போர்டில் எச்சரிக்கை அணையாமல் நிற்கும், அதைக் கோடிங்கில் மறைக்க வேண்டும். எலக்ட்ரானிக் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) இருந்த இடத்தில் சாதாரண டேம்பர் வரும். டிக்கியில் சுமை ஏற்றினால் பின்பக்கம் தாழும். விற்கும்போது வாங்குபவர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார். நான்கு மூலையும் கசிந்து, வண்டியின் விலையே சில லட்சத்துக்கு இறங்கிவிட்ட நிலையில் என்றால் நான் எதிர்க்க மாட்டேன். உங்களுடையது இப்போதைக்கு ஒரு மூலைதான்.

சரிசெய்யும் வரை படுத்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், டயர் மட்கார்டில் உரசும். எழுந்திருக்கவே மாட்டேன் என்றால் பிளாட்பெட்டில் ஏற்றி எடுத்துப் போங்கள், கட்டி இழுக்க வேண்டாம். இன்று ராத்திரி ஃபியூஸைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். ராத்திரி நான்கு எண், காலையில் நான்கு எண், இரண்டையும் கமெண்டில் போடுங்கள், எந்தப் பக்கம் கை வைப்பது என்று சொல்கிறேன்.