கேமரா யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, தங்கள் மக்களின் மேனியழகைக் கொண்டாடிப் படம் எடுக்கும் கறுப்பினப் புகைப்படக் கலைஞர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கேள்விகள். திட்டி வந்தவையும் உண்டு. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அரைகுறை உடையில் நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டுக் 'கலை' என்று சொன்னால் கலையாகிவிடுமா? கறுப்பினத்தவர் எடுத்தால் மட்டும் அதற்கென்ன தனிச் சலுகை? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

சொல்லிவிட்டால் ஆகாதுதான். ஆனால் அந்தச் 'சலுகை'க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். 1850-ல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, வெள்ளையரும் கறுப்பரும் வேறு வேறாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற தன் கொள்கைக்கு ஆதாரம் தேடி, அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு ஸ்டுடியோக்காரரை வைத்து அடிமைகளைப் படம் பிடிக்கச் செய்தார். ரெண்டி என்று ஒருவர், அவர் மகள் டீலியா. டீலியாவின் உடையை இடுப்பு வரை இறக்கிவிட்டு உட்கார வைத்திருப்பார்கள். எடுக்கலாமா என்று அவளிடம் யார் கேட்டார்கள்? கறுப்பின உடலைக் கேமரா பார்த்த ஆரம்பகாலப் பார்வைகளில் ஒன்று இது.

கேரி மே வீம்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 1995-96-ல் அதே படங்களைப் பெரிதாக்கி, இரத்தச் சிவப்பில் சாயமேற்றி, கண்ணாடியின் மேல் வாசகங்களைப் பொறித்து ஒரு வரிசையாக மாட்டினார். மூலப் படங்களைத் தன்னிடம் வைத்திருந்த ஹார்வர்டு, வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது, அப்புறம் அதே வரிசையின் படங்களை விலை கொடுத்து வாங்கியது! கறுப்பினக் கலைஞர் ஒருவர் தன் உடலையோ தன் காதலரின் உடலையோ அழகாகக் காட்டும்போது, 'நான் சம்மதித்து, நான் விரும்பியபடி என்னைப் பார்' என்பதும் அதில் சேர்ந்தே வருகிறது. மற்றபடி மோசமான படம் யார் எடுத்தாலும் மோசமான படம்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அப்படியானால் ஆடை இல்லாமல் எடுத்தால்தான் சிருங்காரமா? – கல்லூரி மாணவி, திருச்சி

இல்லவே இல்லை. மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில் 1948-ல் ஸ்டுடியோ திறந்த செய்டூ கெய்ட்டா என்பவரின் படங்களைப் பாருங்கள். வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் வெயிலை நம்பியவர், ஒரு ஆளுக்கு ஒரே ஒரு கிளிக். ஆரம்பத்தில் பின்னால் தொங்கவிட்ட ஸ்கிரீன் அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு. வருகிறவர்கள் கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ, பேனா எல்லாம் அங்கேயே இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு நிற்கலாம்.

1950-களின் நடுவில் அவர் எடுத்த படம் ஒன்று. கட்டம் போட்ட விரிப்பில் ஒரு பெண் ஒருக்களித்துச் சாய்ந்து, தலையைக் கையில் தாங்கிப் படுத்திருக்கிறாள். உடம்பு முழுக்கத் துணி, தலைக்கட்டும் உண்டு, வெளியே தெரிவது முகமும் கையும்தான். விரிப்பில் கட்டம், பின்னால் பூ வேலைப்பாடு, உடுப்பில் வேறொரு டிசைன், மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்க, அதற்கு நடுவே அந்த முகம் ஒரு அவசரமும் இல்லாமல் நம்மைப் பார்க்கிறது. அவ்வளவு நிதானமான கவர்ச்சியை நான் எந்த சினிமா போஸ்டரிலும் பார்த்ததில்லை. ஐரோப்பிய ஓவியர்கள் நூறு வருஷமாகக் கீழை நாட்டுப் பெண்களைத் துணியில்லாமல் இதே மாதிரிச் சாய்த்துப் படுக்க வைத்து வரைந்தார்கள், இங்கே அந்தப் பெண் காசு கொடுத்து, தனக்குப் பிடித்த மாதிரிச் சாய்ந்திருக்கிறாள்!

ஒரு கூத்தும் உண்டு. 1991-ல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் இவருடைய படங்களை 'எடுத்தவர் பெயர் தெரியவில்லை' என்றுதான் மாட்டியிருந்தார்கள். அப்போது மனிதர் பமாகோவில் உயிரோடு இருக்கிறார். 2001-ல்தான் இறந்தார்.

நான் கல்யாண போட்டோகிராபர். கறுப்பாக இருப்பவர்களை எடுக்கும்போது லைட்டைக் கூட்டி, அப்புறம் சிஸ்டத்தில் வெளுப்பாக்கித் தருவதுதான் எங்கள் தொழில் வழக்கம். அந்தக் கலைஞர்கள் என்ன செய்கிறார்கள்? – நாகர்கோவில்

நேராக ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அவர்கள் பலரும் உங்களுக்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் பிறந்த ராய் டிகராவா என்ற மேதை இருட்டை இருட்டாகவே பிரிண்ட் போட்டவர். 1956-ல் அவர் எடுத்த 'நடனமாடும் ஜோடி'யில் முதல் பார்வைக்குக் கருமைதான் தெரியும். கொஞ்ச நேரம் நின்றால் அணைத்துக்கொண்டிருக்கும் இரண்டு உடல்கள் மெல்லத் துலங்கி வரும். தென்னாப்பிரிக்காவின் ஸானேலே முஹோலி இன்னும் ஒரு படி மேலே. தன்னைத்தானே எடுத்த 'சோம்ன்யாமா ங்கோன்யாமா' வரிசையில், படத்தை முடிக்கும்போது கான்ட்ராஸ்டை ஏற்றித் தன் தோலை இருப்பதைவிடக் கறுப்பாக்குகிறார். 2015-ல் எடுத்த ஒன்றில் துணி மாட்டும் கிளிப்புகளைத் தலை முழுக்கக் கிரீடமாகச் செருகி, காதிலும் தோடாக மாட்டியிருக்கிறார். அவர் அம்மா பெஸ்டர் பல வருஷம் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தவர், படத்துக்கு அந்த அம்மா பெயரைத்தான் வைத்திருக்கிறார்.

உங்கள் தொழில் வழக்கத்துக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி பிரிண்ட் போடும் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்று ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பவள் வெள்ளைக்காரப் பெண், அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் கறுப்புப் பிள்ளைக்குக் கண்ணும் பல்லும்தான் தெரியும். பின்னாளில் ஃபிலிம் திருந்தியதற்குப் பெற்றோரின் வருத்தத்தைவிட, சாக்லேட்காரர்களும் மரச்சாமான்காரர்களும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை' என்று கொடுத்த புகார்தான் காரணம் என்று அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். சாக்லேட்டுக்கு இருந்த மரியாதை குழந்தைக்கு இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். நேராக ஃபிளாஷ் அடித்தால் நெற்றியும் மூக்கும் வெளுத்து மற்ற இடம் சாம்பல் பூத்துப்போகும். ஜன்னல் வெளிச்சம் மாதிரிப் பெரிய, மென்மையான லைட்டைப் பக்கவாட்டில் வையுங்கள், கன்னத்திலும் தோளிலும் மினுமினுப்பு தானாக விழும். எக்ஸ்போஷரை மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக்கு வைக்காமல் முகத்துக்கு வையுங்கள். வெளுப்பாக்கச் சொல்லிப் பெண்ணின் அத்தை வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதற்கு என்னிடம் லைட் இல்லை.

நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். தலைமுடியை வைத்து யாராவது கலை செய்திருக்கிறார்களா? – கோவை

நைஜீரியாவின் ஒகாய் ஒஜெய்கெரே. 1968-லிருந்து தன் நாட்டுப் பெண்களின் பின்னல், கொண்டை வகைகளை ஆயிரம் வரை எடுத்துக் குவித்தார், பலவும் பின்பக்கத்திலிருந்து. கழுத்துக்கு மேலே கோபுரம் எழும்பி நிற்கும். பார்லர் சுவரில் ஒன்றை மாட்டுங்கள். அப்படியே குவாமே பிராத்வெய்ட் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1962 ஜனவரியில் ஹார்லெமில் அவரும் அண்ணனும் நண்பர்களும், முடியை நேராக்காமல் சுருட்டை சுருட்டையாகவே விட்ட கறுப்புப் பெண்களை மேடையேற்றி அழகுக் காட்சி நடத்தினார்கள். 'கறுப்பே அழகு' என்ற முழக்கத்தை ஊரெல்லாம் பரப்பியதில் அவர் எடுத்த படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லையா? – சென்னை

உங்கள் ஊரிலேயே நடந்தது. 2017 கடைசியில் 'டார்க் இஸ் டிவைன்' என்று, லட்சுமி, சரஸ்வதி, முருகன் எல்லோரையும் கறுத்த மேனியோடு காட்டிய படவரிசை வந்து நன்றாகப் பரவியது. எனக்கும் பிடித்தது. ஆனால் ஒரு சின்ன உறுத்தல். சாமியாக்கினால்தான் கறுப்பை அழகென்று ஒப்புக்கொள்வோமா? கெய்ட்டாவின் ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் தையல்காரர், குமாஸ்தா, கடைக்காரர் மாதிரியான ஆட்கள்.

பெண்ணுடலைப் பற்றியே பேசுகிறீர்களே, ஆண்கள் என்ன பாவம் செய்தார்கள்? – பெயர் வேண்டாம், மதுரை

ரோட்டிமி ஃபானி-கயோடே. 1955-ல் நைஜீரியாவின் லாகோஸில், யொரூபா இனத்துப் பெருங்குடியில் பிறந்து, 1966-ல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனவர். 1989-ல், 34 வயதில் இறந்துவிட்டார். கறுப்பு ஆண் உடலைப் பூ, இறகு, முகமூடி இவற்றோடு சேர்த்து, பூசையும் காமமும் பிரிக்க முடியாதபடி எடுத்தார். ஆண்களை நேசித்த ஆண். மூன்று விதத்தில் நான் வெளியாள் என்று எழுதினார்: காமத்தில், ஊர்விட்டு ஊர் வந்ததில், பெற்றோர் எதிர்பார்த்த கௌரவமான குடும்பஸ்தன் ஆகாததில். முதல் தடவை பார்க்கும்போது சங்கடமாக இருக்கலாம், இன்னொரு தடவை பாருங்கள்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். இந்தியாவில் எங்கே பார்க்கலாம்? – ஈரோடு

மேலே சொன்ன வீம்ஸின் 'கிச்சன் டேபிள்' வரிசை, 1990. ஒரே மேஜை, மேலே தொங்கும் ஒரே விளக்கு, 20 படங்கள். காதலன், தோழிகள், மகள் என்று ஆட்கள் வந்து போவார்கள், நடுவில் வீம்ஸ் தானே நடித்திருப்பார். ஒன்றில் அம்மாவும் சின்னப் பெண்ணும் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் உதட்டுச்சாயம் பூசுவார்கள், அந்தக் குட்டியின் சிரத்தையைப் பார்த்து உங்கள் வீட்டில் யாராவது சிரிப்பார்கள் பாருங்கள். இந்தியாவில் தேடி அலைய வேண்டாம், நியூயார்க் மோமா, மெட், லண்டன் டேட் அருங்காட்சியகங்களின் தளங்களில் பெயரைத் தட்டினால் நிறையப் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். செல்போனில் பார்க்காதீர்கள், டிகராவாவின் படமெல்லாம் வெறும் கறுப்புச் சதுரமாகத்தான் தெரியும்.