குன்றில் பொறுக்கிய ஓடுகள்

அன்புள்ள ஐயா,

லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, நீங்கள் எழுதியதை நம்பி சோமர்செட்டில் உள்ள சவுத் கேட்பரி கிராமத்துக்குப் போனோம். கதைகளில் வரும் ஆர்தர் மன்னனின் தலைநகரான கேமலாட் அதுதான் என்றார்கள். குன்றில் ஏறினால் புல்லும் மண்மேடும்தான். ஒரு தூண்கூட இல்லை. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

அந்த மண்மேடுதான் கோட்டை. குன்றைச் சுற்றி நான்கு அடுக்காக எழுப்பிய கரைகள் இரும்புக்கால மக்களின் உழைப்பு. உள்ளே ஏறத்தாழ 18 ஏக்கர்.

கேமலாட் இதுவென்று 1542-ல் எழுதிவைத்தவர் பழமைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஜான் லேலண்ட். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1950களில் அங்கே உழுத மண்ணில் கிடந்த மட்பாண்ட ஓட்டுச்சில்லுகள். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தவர் ஒரு பெண்மணி. சில ஓடுகள் கார்ன்வால் கடற்கரையில் உள்ள டின்டேஜலில் தான் தோண்டியெடுத்த அதே வகை என்று தொல்லியல் அறிஞர் ராலே ராட்ஃபோர்ட் கண்டுகொண்டார். கிழக்கு மத்தியதரைக்கடல் கரைகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த சாடிகளின் துண்டுகள் அவை! ரோம ஆட்சி போய் இரண்டு மூன்று தலைமுறை கழிந்த காலம். பிரிட்டனே இருண்டு கிடந்தது என்று படித்தோமே, அப்போது இந்தக் குன்றில் யாரோ கடல் கடந்து வந்த ஒயினைக் குடித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அந்த ஓடுகளை நம்பித்தான் தொல்லியல் அறிஞர் லெஸ்லி ஆல்காக் 1966 முதல் 1970 வரை அங்கே தோண்டினார். அந்தச் சாடிகள் வந்த காலத்தில் உச்சியில் 19 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமாக ஒரு மரக்கூடம் இருந்திருக்கிறது. மரமெல்லாம் மக்கிவிட்டது, தூண் நடப் பாறையில் வெட்டிய குழிகள் மிஞ்சின. நீங்கள் தேடிய தூண்கள் அங்கேதான் நின்றன, உங்கள் காலடியில். அதே காலத்தில் பழைய கரையின் மேல் கல்லும் மரச்சட்டமுமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் மதில் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பேரைத் திரட்ட வல்ல ஒருவன் அங்கே இருந்தான். அவன் பெயரைச் சொல்லும் ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை. ஆர்தர் விஷயத்தில் ஆல்காக்கே பிற்பாடு பின்வாங்கினார். அதனால் குன்றுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

1997-ல் அடிவாரத்தில் ஒரு வெண்கலக்காலக் கேடயம் கிடைத்தது. பள்ளத்தில் கிடத்தி, கழியால் குத்தித் துளைத்திருந்தார்கள். எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வேண்டுதலோ, பகையோ.

மறுபடி போனால் முதலில் டான்டனில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தக் கேடயத்தைப் பாருங்கள். பிறகு குன்றில் ஏறுங்கள். வானம் தெளிந்திருந்தால் வடமேற்கே கிளாஸ்டன்பரி குன்று தெரியும்.