பொத்தான்களை எண்ணி மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் இருபரிமாண அனிமேஷன் கற்றுக்கொள்கிறாள். இரண்டு மென்பொருள்களின் சோதனைப் பதிப்பை இறக்கிப் பார்த்தோம். ஒன்றில் திரை முழுக்கப் பொத்தான்கள், மற்றொன்றில் ஏழெட்டுதான். நிறையக் கருவிகள் உள்ளதற்கே ஆண்டுச் சந்தா கட்டுங்கள், பின்னால் உதவும் என்கிறார் கடைக்காரர். கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அடுப்பருகே அஞ்சறைப்பெட்டி எதற்கு இருக்கிறது? எண்ணெய் காய்ந்த பிறகு கடுகைத் தேடி ஓடக் கூடாது என்பதற்குத்தானே. வரையும் கைக்கும் அதேதான் தேவை.

மோஹோ என்ற அனிமேஷன் மென்பொருளில், உருவத்தை அசைக்கும் 'எலும்புகள்' உள்ள லேயரைத் (அடுக்கைத்) தேர்ந்தால் எலும்பைச் சேர்க்கும், அசைக்கும் கருவிகள் வருகின்றன. வரையும் லேயருக்கு மாறினால் கோடு இழுக்கவும் வண்ணம் நிரப்பவும் உரியவை வருகின்றன. கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளில் வலது பொத்தானை அழுத்தினால் தூரிகைகள் பேனா முனையைச் சுற்றி வட்டமாக விரிகின்றன. டேப் விசையைத் தட்டினால் கருவிப் பலகங்கள் எல்லாம் மறைந்து படம் மட்டும் நிற்கும். 14 அங்குல மடிக்கணினியில் வரைபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கிரிட்டா அதன் இணையதளத்தில் இலவசம். ஸ்டீம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆகிய இணையக் கடைகளில் அதையே விலைக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பணம் அதை உருவாக்குவோருக்கு உதவும். கூடுதல் கருவி எதையும் தராது.

சோதனைக் காலம் முடிவதற்குள், ஒரு பந்து துள்ளுவதை 24 ஃபிரேமில் (அடுத்தடுத்த 24 படங்களில்), நீங்கள் இறக்கிய இரண்டு மென்பொருள்களிலும் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எதையாவது தேடி அவள் மெனுவைத் திறக்கும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடுங்கள். (கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை.) முதல் நாள் கோடுகள் கணக்கில் இல்லை. முந்தைய ஃபிரேமை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னை நான்காம் நாளும் தேடிக்கொண்டிருந்தால், குறை அவளிடம் இல்லை. தனக்கு வசதியாக அடுக்கிய பலகங்களைப் பெயரிட்டுச் சேமிக்க முடிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

'பின்னால் உதவும்' என்பது விற்பவரின் பேச்சு. எந்த மென்பொருளில் வேலை செய்வது என்பதை அவள் சேரப்போகும் ஸ்டூடியோதான் சொல்லும். பிறகும் சந்தாதான் என்று முடிவானால், 'மாதம் இவ்வளவு' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். மாதாமாதம் பணம் பிடித்தாலும் அது ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கலாம். இடையில் நிறுத்தினால் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு.