‘ஆக்சிடென்ட் ஆகாத வண்டி’ என்றார்கள்; சேசிஸ் கோணலாக இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். பாம்பனில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டி, பாலம் தாண்டி உச்சிப்புளி பக்கத்துக் கிராமங்களில் விற்பதுதான் என் தொழில். மூன்று மாதங்களுக்கு முன் ராமநாதபுரத்தில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2012 மாடல் மோட்டார் சைக்கிளை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘சிங்கிள் ஓனர், ஆக்சிடென்ட் ஆகாத வண்டி’ என்று வாட்ஸ்அப்பில் படத்துடன் அனுப்பியிருந்தார்கள். வாங்கிய வாரத்திலிருந்தே 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஹேண்டில் நடுங்குகிறது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. முன் டயரை மாற்றியும் தீரவில்லை. டேங்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், “கழுத்துப் பகுதியில் வெல்டிங் வைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், சேசிஸ் கோணல்” என்கிறார். விற்றவரோ, “பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். நான் வெறும் புரோக்கர். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதிலேயே இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்கிறார். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: பணம் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்கு முன் ஒரு வேலை: இன்றே அந்த வண்டியை நிறுத்திவிடுங்கள். கழுத்தில், அதாவது ஹேண்டிலும் முன் ஃபோர்க்கும் சேசிஸோடு சேரும் இடத்தில், வெல்டிங் வைத்த வண்டியில், பின்னால் ஐஸ் பெட்டியின் பாரத்தோடு, குறுக்குக் காற்று அடிக்கும் பாம்பன் பாலத்தை நீங்கள் தினமும் கடக்கிறீர்கள். அந்த வெல்டிங் விட்டுப்போனால் முன் சக்கரம் உங்கள் கையில் இல்லை. சட்டப்படியும் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது. பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் குறை வண்டியில் இருப்பது தெரிந்தும் அதைப் பொதுச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி குற்றம். மெக்கானிக் சொன்ன நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும் என்றுதான் கணக்கு. தொழிலுக்கு வேறொரு வண்டியை வாடகைக்கு எடுங்கள். அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்கி வைத்தால், அதையும் பிறகு இழப்பீட்டில் கேட்கலாம்.

அடுத்து, வண்டியில் கை வைக்காதீர்கள். ‘லேத் பட்டறையில் கொடுத்தால் சேசிஸை நிமிர்த்தித் தருவார்கள்’ என்று யாராவது சொல்வார்கள். நிமிர்த்திய பிறகு கோணல் இருந்ததற்கு என்ன சாட்சி? உங்கள் வழக்கு முழுவதும் அந்த இரும்பில்தான் இருக்கிறது. மாற்றிய பழைய டயரையும் தூக்கிப் போட வேண்டாம். புது டயரின் பில்லோடு சேர்த்து வையுங்கள். குறையைச் சரிசெய்ய நீங்கள் நியாயமாக முயன்றீர்கள் என்பதற்கு அது சாட்சி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி வழக்குகளில் பலர் ‘வண்டி ஆடுகிறது’ என்று மட்டும் புகார் எழுதித் தோற்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி ஆடத்தான் செய்யும். தேய்மானத்துக்கு விற்றவரைப் பொறுப்பாக்க முடியாது. மறைத்ததற்குத்தான் பொறுப்பாக்க முடியும். ஆகவே, உங்கள் வண்டியின் நடுக்கம் எதிலிருந்து வருகிறது என்பதை ஒவ்வொன்றாகக் கழித்து, எழுத்தில் நிலைநாட்ட வேண்டும்.

நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் அதிர்கிறதா? அப்படியானால் அது என்ஜின், அல்லது என்ஜினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட். வண்டி ஓடும் வேகத்துக்கு ஏற்ப மட்டும் நடுங்கி, கிளட்சைப் பிடித்தாலும் நிற்கவில்லை என்றால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்: ரிம் வளைவு, தளர்ந்த ஸ்போக், டயர். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக் டக்’ என்று இடம் கொடுக்கிறதா? ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் போயிருக்கிறது. இவையெல்லாம் தேய்மானம். இவற்றைக் காட்டி 42,000 ரூபாயைத் திரும்பக் கேட்டால் நுகர்வோர் ஆணையம் (நுகர்வோர் கோர்ட்) ஏற்காது.

ஒரு பக்கமாக இழுப்பது வேறு விஷயம். அதற்குத்தான் நூல் பிடித்துப் பார்க்கும் முறை இருக்கிறது. பின் டயரின் பின்புறத்தில் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்னோக்கி இழுத்து, பின் டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தொடும்படி பிடித்தால், நேராக வைத்த முன் டயரின் இருபுறமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நூல் டயரை உரசி, மறுபக்கம் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஆனால் அதை வைத்து மட்டும் சேசிஸ் கோணல் என்று எழுதிவிடக் கூடாது. செயினை இறுக்கும்போது இருபுற அட்ஜஸ்டர் குறியையும் சமமாக வைக்காவிட்டால் பின் சக்கரமே சாய்ந்து நின்று இதே கணக்கைக் காட்டும். சிறிய விழுதலில் ஃபோர்க் அதன் பிடிக்குள் திருகிக்கொண்டாலும் இப்படித்தான் காட்டும். அது போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யும் அரை மணி நேர வேலை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது இந்த இரண்டு கேள்விகளைத்தான். எனவே அட்ஜஸ்டர் குறி, ஃபோர்க் இரண்டையும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் எத்தனை மில்லிமீட்டர் விலகல் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். கழுத்து வெல்டிங், மற்ற இடத்தோடு ஒட்டாத பெயின்ட், பெயின்டில் விரிசல் விட்ட கோடு, எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பணம் கட்டி ஜாப் கார்டில் எழுதி வாங்கினால் மிக நல்லது. உங்கள் ஊர் மெக்கானிக்கின் கடிதமும் செல்லும், அவர் பிரமாண வாக்குமூலம் தரத் தயாராக இருந்தால்.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ‘உப்புக்காற்றிலும் மீன் தண்ணீரிலும் சேசிஸ் துருப்பிடித்தது, ஐஸ் பெட்டிப் பாரத்தில் வளைந்தது, வாங்கியவர்தான் கெடுத்தார்’ என்று விற்றவர் கட்டாயம் வாதாடுவார். அது பொய்யான வாதம் அல்ல. பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டினால் பின்பக்கச் சட்டம் அரிக்கும். அதிக பாரத்தில் கேரியர் பிடிமானம் விரிசல் விடும். ஆனால் இவை பின்பக்கத்தில் வருபவை. உங்கள் வண்டியில் வெல்டிங் இருப்பது முன்பக்கக் கழுத்தில். மூன்று மாதப் பாரம் முன்கழுத்தில் வெல்டிங் வைத்துப் பெயின்டும் அடித்துவிடாது. துரு எங்கே, வெல்டிங் எங்கே என்று அறிக்கையில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வாங்கிய வாரத்திலேயே நீங்கள் போனிலோ வாட்ஸ்அப்பிலோ புகார் சொல்லியிருந்தால் அந்தப் பதிவு இந்த வாதத்தை உடைக்கும்.

இனி விற்றவர் சொன்னவற்றைப் பார்ப்போம்.

மீன் வியாபாரி நுகர்வோர் ஆக மாட்டார் என்பது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(7) பிரிவு, வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் அதே பிரிவின் விளக்கம், சுயதொழில் மூலம் வாழ்க்கை நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது என்கிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ ரிக்‌ஷா வாங்குபவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. நீங்களே ஓட்டி, நீங்களே மீன் விற்கிறீர்கள். புகாரில் ‘என் குடும்பத்தின் வாழ்வாதாரத்துக்காக, சுயதொழிலுக்காக வாங்கினேன்’ என்ற வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும். அதை எழுத மறந்து, தொடக்கத்திலேயே தள்ளுபடியான புகார்கள் உண்டு.

‘பழைய வண்டி அப்படித்தான்’ என்பதற்குப் பதில் 2(10) பிரிவில் இருக்கிறது. சட்டம் வகுத்த தரத்திலிருந்து குறைவது மட்டும் குறைபாடு ஆகாது. விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரத்திலிருந்து குறைவதும் குறைபாடுதான். ‘ஆக்சிடென்ட் ஆகாத வண்டி’ என்று அவரே தரத்தை நிர்ணயித்துவிட்டார். அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம். போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியமம் (பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 63-வது பிரிவின் கீழ் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞர் தயார் செய்து தருவார்.

‘நான் வெறும் புரோக்கர்’ என்பதுதான் கொஞ்சம் உழைக்க வேண்டிய இடம். ரசீதை எடுத்துப் பாருங்கள். பணம் யார் பெயரில் பெறப்பட்டிருக்கிறது? ஜிபே செய்திருந்தால் யார் கணக்குக்குப் போனது? கடையின் பெயரில் ரசீது, கடைக்காரர் கணக்கில் பணம் என்றால் அவர் விற்பனையாளர்தான். தவிர, 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதல் புதிய விதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உரிமையாளர் டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். இவருக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுத்துக் கேளுங்கள். இருந்தால் அவர் டீலர். இல்லாவிட்டால் அங்கீகாரமின்றி வியாபாரம் செய்திருக்கிறார். இரண்டுமே உங்களுக்கு உதவும். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், பழைய உரிமையாளரையும் இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

ரசீதில் அச்சடித்த அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் பணத்தைத் தர மறுப்பதையும் 2(47) பிரிவு முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு.

இன்னொன்றை இந்த வாரமே பாருங்கள். பல மோட்டார் சைக்கிள்களில் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்தக் கழுத்துக் குழாயில்தான். வெல்டிங் வைத்த இடமும் அதுதான். எண் முழுமையாகப் படிக்க முடிகிறதா, ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப்போகிறதா, எண்ணைச் சுற்றி அரைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் தளத்திலும் வண்டி எண்ணைக் கொடுத்து விவரத்தைச் சரிபாருங்கள். எண் மாறியிருந்தால் இது நுகர்வோர் வழக்கோடு நிற்காது. வண்டியோடு உடனே காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். தாமதித்தால் சந்தேகம் உங்கள் மேல் திரும்பும். எண் சரியாக இருந்தால், காவல் துறைக்கு ஓட வேண்டாம் என்பதே என் கருத்து. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 318-வது பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் விற்கும்போதே விற்றவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டும். ‘சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பப்படவும் வாய்ப்பு அதிகம். பணம் வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்தான் நேர்வழி.

அறிக்கை கைக்கு வந்ததும் விற்றவருக்கும் பழைய உரிமையாளருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம். இவ்வளவு போதும்: ‘விபத்தில் சிக்காத வண்டி என்று இன்ன தேதியில் எழுத்தில் உறுதியளித்து விற்றீர்கள். சேசிஸ் கழுத்தில் வெல்டிங் இருப்பதும் சக்கரங்கள் இத்தனை மில்லிமீட்டர் விலகியிருப்பதும் இணைப்பு அறிக்கையில் தெரிகிறது. வண்டியை ஓட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் மெக்கானிக்கோடு வந்து பார்க்கலாம். 15 நாட்களுக்குள் வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 42,000 ரூபாயும் டயர் செலவும் தர வேண்டும்.’ ‘வந்து பார்க்கலாம்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வராமல் இருந்தால், பிறகு உங்கள் அறிக்கையைக் குறை சொல்லும்போது அவர் குரல் எடுபடாது.

பதில் இல்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்திலும் முடியும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் இருந்தாலும், வண்டி கடற்கரையில் நின்று துருவேறுவதற்குள் தாக்கல் செய்வது நல்லது. கோளாறை ஆய்வு செய்ய அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு 38-வது பிரிவில் இருக்கிறது. அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வழக்கை 3 மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும். மூன்று மாதம் ஓட்டியதற்காக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர உத்தரவாகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். இடையில் சமரசத்துக்கு அழைத்தால், வண்டியைத் திருப்பிக் கொடுத்து 35,000 ரூபாய்க்குக் குறையாமல் கைக்கு வரும் என்றால் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன்.

கடைசியாக, ஆர்.சி. விஷயம். வண்டி வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டது. அறிவிப்பின் 15 நாள் முடியும்வரை பொறுங்கள், வண்டி நிற்கத்தானே போகிறது. விற்றவர் வண்டியைத் திரும்பப் பெற மறுத்தால், ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, தாமதக் கட்டணம் செலுத்திப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இதை அந்தப் பழைய உரிமையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கன்சல்டிங்காரரைப் பேச்சுக்கு இழுத்துவர உங்களைவிட அவருக்குத்தான் அவசரம் இருக்கும்.